மேல்மண்

ஏலக்காய்த் தோட்டத்துச் சாமான் கொட்டகைக்கு முன்னால் பத்துப் பெண்கள் களைக்கொத்தும் தூக்குப்போணியுமாகக் காத்துக்கிடந்தார்கள். வைகாசி கடைசி. எல்லோரும் குரங்கணியில் இருந்து ஒன்றரை மணி நேரம் மலை ஏறி வந்தவர்கள். வழக்கமாக ஏழு மணிக்கெல்லாம் ஆளுக்கொரு வரிசை பிரித்துவிடும் கணக்குப்பிள்ளை ஞானதுரை, அன்றைக்கு வெயில் கூரைத் தகரத்தில் ஏறிய பிறகும் கதவைத் திறக்கவில்லை. உள்ளே டப்பா உருளும் சத்தமும் யாரோ தண்ணீர் ஊற்றும் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன.

கதவு திறந்ததும் முதலில் வெளியே வந்தவன் சோலைமலை. முதுகில் ஒரு பித்தளைத் தொட்டியை வாரால் இறுக்கிக் கட்டியிருந்தான். அதிலிருந்து நீண்ட ரப்பர்க் குழாய் ஒன்று அவன் கையில் வந்து முடிந்தது. கூட்டத்தில் அவன் பெண்டாட்டி மொக்கம்மாளும் நின்றாள். அவளை நிமிர்ந்து பார்க்காமல், தொட்டியின் கனம்தான் தன்னைக் குனிய வைக்கிறது என்பதுபோல நடந்தான்.

"மதினி, அண்ணன் கல்யாண வீட்டுக் கொப்பரைய முதுகுல கட்டிக்கிட்டு எங்க பொறப்பட்டாக?" என்றாள் ராக்கு. பெண்கள் சிரித்தார்கள். மொக்கம்மாளும் சிரித்தாள்.

பின்னாலேயே வந்த ஞானதுரை சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. கெட்ட சேதி சொல்லும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். இப்போதும் துடைத்தார்.

"இந்த வருசம் களைவெட்டு இல்லம்மா. முதலாளி மெட்ராசுலருந்து மருந்து வரவழைச்சிருக்காக. அடிச்சா பதினஞ்சு நாள்ல களை தானாச் செத்துரும். ஏலத்துக்கு ஒண்ணும் ஆகாதாம்."

"அப்ப நாங்க?"

"காயெடுப்புக்கு இங்கயே லயத்துல குடியிருக்கிற ஆளுகளே போதும். வேற சோலி வந்தாச் சொல்லி அனுப்புறேன்."

எப்போதும் முதல் வாய் திறக்கும் ராக்கு கூடக் களைக்கொத்தின் பிடியைத் தடவிக்கொண்டு நின்றாள். வருஷத்தில் நாலு மாதம் இந்தப் பத்துப் பேரின் அடுப்பு எரிவது களைவெட்டில்தான். மொக்கம்மாள்தான் முன்னால் வந்தாள்.

"சரிய்யா, சோலி இல்ல. களைக்குப்பை எங்களுதுதான?"

அந்த மலையில் அது வழக்கம். வெட்டிய களை வெட்டியவளுக்கு. சாயங்காலம் இறங்கும்போது ஆளுக்கொரு கட்டு தலையில் இருக்கும். தோட்டம் உள்ளவள் தழையுரமாக மண்ணில் போட்டுப் புரட்டுவாள், இல்லாதவள் உள்ளவளுக்குக் கொடுத்துவிட்டு நாலு கத்தரிக்காய் வாங்கிக்கொள்வாள். கூலியைப் பற்றி என்றைக்கும் மல்லுக்கு நிற்காத பெண்கள் கூடக் களைக்குப்பையில் ஒரு பிடியை விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

"வெட்டுனவளுக்குத்தான் குப்பை. நீங்க எங்க வெட்டுனீக?" என்றார் ஞானதுரை.

"வெட்ட மாட்டோம்னு நாங்களா சொன்னோம்? பதினாறு வருசமா இந்த மலைக் களை என் தலையிலதான் எறங்கிருக்கு. சோலியத்தான் மிசினுக்குக் குடுத்துட்டீக. குப்பையையும் மிசினா கட்டிக்கிட்டுப் போகப்போகுது?"

மொக்கம்மாளுக்கு அவ்வளவு பேச வரும் என்று அவளுக்கே தெரியாது. ஞானதுரை கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"சரி, சாகட்டும். முதலாளி வந்து தங்குற பங்களாத் தோட்டத்துக்கு வேணுங்கிறதப் போட்டுட்டு, மிச்சத்த நீங்களே எடுத்துக்கங்க."

அது ஒரு வெற்றிதான். இறங்கும் வழியெல்லாம் பெண்கள் அதைத்தான் பேசிக்கொண்டு வந்தார்கள்.

மொக்கம்மாளின் தோட்டம் குரங்கணிக்கு மேலே, ஓடை வளையும் இடத்தில் இருந்தது. மொத்தம் ஐந்து சென்ட். அதுவும் முதலாளியின் நிலம்தான், அவள் வாரத்துக்குப் பயிர் வைப்பவள். விளைவதில் பாதி சனிக்கிழமைதோறும் போடியில் இருக்கும் முதலாளி வீட்டுக்குப் போகும். மறுபாதியை அவளே போடிச் சந்தைக்குத் தூக்கிக்கொண்டு போய் விற்பாள். அந்த வாரக் குத்தகைக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரு போகம் வெறுந்தரையாகக் கிடந்தால் நிலம் வேறு கைக்குப் போய்விடும். ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி ஒன்றாம் தேதி ஞானதுரை பார்வைக்கு வருவார். பத்து வருஷமாக அவர் வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டு ஒரு கூறு அவரைக்காயோடு திரும்பிப் போயிருக்கிறார். ஆனால் அப்போதெல்லாம் களைவெட்டும் இருந்தது. இந்த வருஷம் மிஞ்சியிருப்பது இந்த ஐந்து சென்ட் மட்டும்தான். சோலைமலையின் கூலி அரிசிக்கே இழுபறி. தோட்டமும் போனால் மலையை விட்டு இறங்கி சிலமலைப் பக்கம் காட்டுவேலை தேட வேண்டியதுதான். ஆனி பிறக்கும் முன்பே ராக்கு உட்பட எட்டுப் பேர் அப்படி இறங்கிவிட்டார்கள்.

ஆனியில் களை செத்துக் காய்ந்து கிடந்தது. பச்சைக்கட்டு போலக் கனக்கவில்லை, ஒரு நடைக்கு ரெண்டு கட்டு கொண்டுவர முடிந்தது. போட்டிக்கு ஆளும் இல்லை. மொக்கம்மாள் அறுபது கட்டுக்கு மேல் சுமந்தாள். சாயங்காலம் சோலைமலையும் ஒரு கட்டு கொண்டுவந்து போடுவான். ஐந்து சென்ட்டிலும் பரப்பி, மண்ணைப் புரட்டி, ஓடைத் தண்ணீர் விட்டு மட்க வைத்தாள். இத்தனை தழை அந்த மண் என்றைக்கும் தின்றதில்லை. ஆடி பிறந்ததும் அவரை ஊன்றி, கத்தரி நாற்று நட்டு, ஓரம் சுற்றிலும் மக்காச்சோளம் போட்டாள்.

அவரை ஆறாம் நாள் முளைத்தது. முளைத்த விதமே சரியில்லை. தண்டு நிமிராமல் தரையிலேயே வளைந்தது. இலை விரியாமல் குவிந்து, நரம்பெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து சுருண்டது. கத்தரியின் குருத்து முறுக்கிய துணி மாதிரி ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டு நின்றது. அசுவினிப் பூச்சி என்று நினைத்துச் சாம்பல் தூவினாள். கேட்கவில்லை. மாட்டு மூத்திரம் தெளித்தாள். கண்பட்டிருக்கும் என்று மூலையில் கரும்புள்ளி குத்திய பானையைக் கவிழ்த்தாள். பிறகு பிடுங்கிவிட்டு மறுபடியும் ஊன்றினாள். அதுவும் அப்படியே முளைத்தது. ஓரத்தில் மக்காச்சோளம் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் மதமதவென்று வளர்ந்துகொண்டிருந்தது, அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு எரிச்சலாக வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சோலைமலை தோட்டத்துக்கு வந்தான். மருந்தடிக்கிற சோலிக்குப் போனதில் இருந்து அவன் விரல் நுனியில் தோல் உரிந்துகொண்டிருந்தது. ஒரு அவரைக் கன்றைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

"என்னய்யா, வாயத் தொறந்து சொல்லு."

"இந்தத் திருகல நான் பாத்திருக்கேன்."

"எங்க?"

"மேல. மருந்தடிச்ச மூணாம் நாள் களைச்செடியெல்லாம் இப்படித்தான் திருகும். அகல இலையெல்லாம் திருகிச் சாகும். புல்லு சாகாது. ஏலம் சாகாது. இந்தா, ஒன் சோளம் சாகல பாரு."

மொக்கம்மாளுக்குக் கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. பிடிபட்டதும் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். அறுபது கட்டு. கணக்குப்பிள்ளையோடு மல்லுக்கு நின்று, உரிமை பேசி, ஒவ்வொரு கட்டாகத் தன் தலையிலேயே சுமந்து வந்து போட்டது. அழுகையைவிட வெட்கம்தான் முதலில் வந்தது.

"அடிச்சவன் நானு," என்றான் சோலைமலை.

"சொமந்தவ நானு. விடு."

அன்று முழுக்க அவள் தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஓடைப் பாறையை ஒட்டி ஒரு முழ அகலத்துக்குத் தழை போடாமல் விட்டிருந்தாள். அங்கே தானாக முளைத்த ஒரு தக்காளி இலை விரித்து நன்றாக நின்றது. அதைப் பார்த்துத்தான் அவளுக்கு வழி தெரிந்தது. வீட்டுக்குப் போய்த் தேங்காய்ச் சிரட்டை தேடினாள். வீட்டில் இருந்தது மூன்று. கோயில் பூசாரி வீட்டிலும் டீக்கடையிலும் கேட்டு வாங்கிப் பதினொன்று சேர்த்தாள். தோட்டத்தில் பல இடத்திலும், மேலே கொஞ்சமும் நாலு விரல்கடை ஆழத்தில் கொஞ்சமும் மண் எடுத்துத் தனித்தனிச் சிரட்டையில் போட்டு, ஒவ்வொன்றிலும் ரெண்டு அவரை விதை ஊன்றிச் சுவரோரம் வரிசையாக வைத்தாள். எந்தச் சிரட்டை எந்த மண் என்பதற்குக் கரிக்கோடு.

பத்து நாளில் சிரட்டைகள் பேசிவிட்டன. மேல்மண் எல்லாம் திருகல். அடிமண்ணில் முளைத்தவை நிமிர்ந்து நின்றன. விஷம் மேலே நாலு விரல்கடைதான் இருந்தது.

மறுநாளே மண்வெட்டியை எடுத்தாள். ஐந்து சென்ட்டிலும் நாலு விரல்கடை மண்ணை வழித்துக் கூடையில் அள்ளினாள். ஓடை பக்கத்திலேயே இருந்தது. கொட்டினால் தண்ணீரே இழுத்துக்கொண்டு போயிருக்கும்.

"ஓடையில தள்ளு, வெரசா முடியும்," என்றான் சோலைமலை. "நாங்க தொட்டி கழுவுறதே மேல இந்த ஓடையிலதான்."

"கீழ இந்தத் தண்ணியக் குடிக்கிற சனம் இருக்கு. நீங்க கழுவுனா அது ஒங்க பாடு. நான் தள்ளமாட்டேன்."

பக்கத்துக் கரட்டுமேட்டில் எதுவும் முளைக்காத பாறைச் சரிவு வரைக்கும் ஒவ்வொரு கூடையாகச் சுமந்து கொட்டினாள். ஒரு நாளைக்கு நாற்பது கூடை. ஆவணி பாதியில் தோட்டம் தோலுரித்த மாதிரிச் சிவப்பாகக் கிடந்தது. அடிமண்ணில் விஷம் இல்லை, ஆனால் சத்தும் இல்லை. ஆகவே கொட்டகுடி ஆற்றில் தண்ணீர் வற்றிய இடத்தில் படிந்திருந்த வண்டலைச் சுமக்க ஆரம்பித்தாள். அது அரை மைல் ஏற்றம். சும்மாடு அழுத்தி உச்சந்தலையில் ஒரு ரூபாய் அகலத்துக்கு முடி போயிற்று. ராக்கு ஒரு தடவை சிலமலையில் இருந்து ஊருக்கு வந்தவள், இவளைப் பார்த்துவிட்டு மூன்று நாள் தங்கி மண் சுமந்து கொடுத்துவிட்டுப் போனாள். சாணிக்காக மொக்கம்மாள் அக்கம்பக்கத்துத் தொழுவமெல்லாம் கூட்டிக் கொடுத்தாள். வண்டலோடு சாணியைக் கலந்து பரப்பி, மறுபடியும் பதினொரு சிரட்டையில் மண் எடுத்து விதை ஊன்றி வைத்தாள்.

அந்தப் பத்து நாளும் அவள் காலையில் எழுந்ததும் முகம் கழுவும் முன்னால் சுவரோரம் போய்க் குனிவாள். ஆறாம் நாள் தலை காட்டியது. எட்டாம் நாள் இலை விரிந்தது. பதினொன்றிலும் ஒன்று கூடத் திருகவில்லை. அவள் ஒவ்வொரு இலையையும் விரலால் தூக்கி அடிப்பக்கம் பார்த்தாள். பிறகு உள்ளே போய், தூங்கிக்கொண்டிருந்த சோலைமலையின் காலைப் பிடித்து ஆட்டினாள். "எந்திரிய்யா, வந்து பாரு," என்றாள். புரட்டாசி முதல் வாரத்தில் தோட்டம் முழுக்க அவரை ஊன்றினாள்.

ஐப்பசி ஒன்றாம் தேதி ஞானதுரை வந்தார். அதற்கு முன்பே மழை தொடங்கியிருந்தது. அவரை ஒரு சாண் உயரத்தில், வரிசை பிசகாமல், நனைந்து நின்றது. அவர் குடையை மடக்கிவிட்டு வரப்பில் குந்தி உட்கார்ந்தார். ஒரு பிடி மண் அள்ளிப் பிசைந்து மோந்து பார்த்தார்.

"மொக்கம்மா, ஒன் தோட்டம் கருகிப்போச்சுன்னுல்ல சொன்னாக? எப்படிம்மா இத எழுப்புன?"

பத்து வருஷத்தில் அவர் அவளிடம் தெரிந்துகொள்வதற்காக ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். திருகல், சிரட்டை, நாலு விரல்கடை, பாறைச் சரிவு, வண்டல், சாணி. சொல்லச் சொல்ல அவளுக்கே பெருமையாக இருந்தது. சிரட்டைகளைக் கூட எடுத்து வந்து காட்டினாள். ஞானதுரை ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டார். போகும்போது அவரைக்காய் எதுவும் கேட்கவில்லை, இன்னும் காய்க்கவில்லை அல்லவா. "நெலம் ஒனக்குத்தான். அதுல மாத்தமே இல்ல," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு மொக்கம்மாள் வெல்லம் போட்டுப் பச்சரிசிக் கஞ்சி காய்ச்சினாள்.

நாலாம் நாள் காலையில் மழை விட்டிருந்தது. மொக்கம்மாள் தோட்டத்துக்குப் போனபோது வரப்போரம் ஒன்பது பெண்கள் கூடையும் மண்வெட்டியுமாகக் காத்து நின்றார்கள். எல்லோரும் பழைய களைவெட்டுக்காரிகள். சிலமலையில் இருந்து ராக்கு கூட வந்திருந்தாள்.

"மூணு நாள் சோலி இருக்குன்னு கணக்கய்யா சொல்லிவிட்டாக மதினி," என்றாள் ராக்கு. "ஒன் தோட்டத்துக்கிட்ட நிக்கச் சொன்னாக. என்ன சோலின்னு சொல்லல."

ஞானதுரை குடையோடு வந்து சேர்ந்தார். வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மேல பங்களாத் தோட்டமும் கருகிப்போச்சு மொக்கம்மா. அந்தக் குப்பையத்தான் அங்கயும் போடச் சொன்னேன். நான்தான் சொன்னேன். கோசு, பீன்சு, ரோசாப்பூ எதுவும் எந்திரிக்கல. தீபாவளிக்கு முதலாளி குடும்பத்தோட வர்றாக. பங்களாவ இந்தக் கோலத்துல பாத்தாகன்னா என் சோலி போயிரும். இருபத்திரெண்டு வருச சோலி."

"அதுக்கு?"

"ஒன் மேல்மண்ணு வேணும்."

அவள் ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினாள்.

"ஆத்துல வண்டல் கெடக்குய்யா. எத்தன கூடை வேணும்? நானே சொமந்து தர்றேன். கூலி கூட வேணாம்."

"ஆத்துல ரெண்டு ஆள் ஆழத்துக்குத் தண்ணி போகுது. வண்டல் இனி மாசிக்குத்தான்."

அது உண்மைதான். ஆறு போகும் இரைச்சல் அங்கேயே கேட்டது.

"இது நான் சொமந்த மண்ணுய்யா."

"நீதான் சொமந்த. யாரு இல்லன்னா? எங்க போட்ட? முதலாளி நெலத்துல." அவர் குரல் ஏறவில்லை, கெஞ்சுவது போலத்தான் இருந்தது. "நான் சொன்ன சொல்லு மாறல பாரு. நெலம் ஒனக்குத்தான். வாரம் அத்துப்போகல. மேல இருக்கிற நாலு விரக்கடைதான். ஒனக்கும் சேத்துப் பத்து ஆள் கூலி போட்டிருக்கேன்."

ராக்கு மண்வெட்டியைக் கீழே போட்டாள். "நான் வெட்டமாட்டேன். எனக்கு இந்தக் கூலி வேணாம்," என்றாள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். அவர்கள் கூடைக்குள் காலிப் போணி கிடந்தது. சிலர் விடியும் முன்பே சிலமலையில் இருந்து நடந்து வந்தவர்கள்.

ஞானதுரை ஓடைப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார். மொக்கம்மாள் வரிசைக்குள் இறங்கினாள். ஒரு கன்றின் அருகில் குனிந்து, இலையைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தாள். அவளுக்கு அங்கேயே விழுந்து புரண்டு அழ வேண்டும் போல இருந்தது. ஆனால் ஒன்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ராக்கு போட்ட மண்வெட்டியை எடுத்து, தன் முதல் வரிசையைத் தானே வெட்டினாள். கன்றைப் பிடுங்கி எறிய மனம் வரவில்லை, மண்ணோடு சேர்த்தே அள்ளினாள். ராக்குவின் கூடையை இழுத்து நிரப்பினாள்.

"தூக்கு புள்ள."

"மதினி..."

"தூக்கு. எம்புட்டு நேரம் நிப்ப? ஒன் வீட்டுலயும் அடுப்பு இருக்குல்ல."

ஒவ்வொருத்தியாகச் சும்மாடு வைத்துக் கூடையை ஏற்றிக்கொண்டார்கள். களைவெட்டுக்குப் போகும் அதே ஒற்றையடிப் பாதை. அந்தப் பாதையில் அவர்கள் தலையில் ஏறுமுகமாகச் சுமை போவது இதுதான் முதல் தடவை. மொக்கம்மாள் தன் கூடையை நிரப்பிக்கொண்டு கடைசியாக ஏறினாள். அவளுக்குப் பின்னால் சிவப்பாக ஒரு பட்டை மண் தெரிந்தது.

பாதி ஏற்றத்தில் மேலிருந்து சோலைமலை இறங்கி வந்தான். மழை விட்ட நாளானதால் கீழ்ச்சரிவு ஏலத்தில் ரெண்டாம் தெளிப்பு நடந்துகொண்டிருந்தது. முதுகில் நிறைந்த தொட்டி. முன்னால் வந்தவர்களின் கூடையைப் பார்த்தபோதே அவனுக்கு விளங்கிவிட்டது. கடைசிக் கூடை வந்தபோது சரிவோடு ஒட்டி நின்று வழி விட்டான். மொக்கம்மாள் சுமையோடு நிமிர முடியாமல், அவன் காலை மட்டும் பார்த்துக்கொண்டே கடந்தாள். அவள் தலைக்கு மேலே, அவன் கண்ணுக்கு நேராக, கூடை மண்ணில் மூன்று அவரைக் கன்றுகள் இலை விரித்து ஆடிக்கொண்டு போயின. சோலைமலை குழாயின் முனையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், சொட்டு விழாமல் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டான்.